பெயரும் எண்ணும்: சிங்கப்பூரில் உருப்பெற்ற ‘குளோன் வார்ஸ்’ தொடர் பற்றிய ஒரு திறனாய்வு

சிங்கப்பூர்த் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் சிறுகதை, புதுக்கவிதை, நாவல், அவ்வப்போது மேடை நாடகம் என்னும் வட்டத்துக்குள் நிகழ்ந்து வந்துள்ளது. தொலைக்காட்சி அவ்வட்டத்தின் ஓரத்தில் நிற்கிறது. தொலைக்காட்சிக்கென ஆக்கப்படும் அசைவூட்டப் படங்களோ வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. ஆசிரியர் கூட்டங்களில் அவை பேசப்படும்போதும், மாணவர் தமிழை விட்டு விலகுவதற்கான காரணங்களுள் ஒன்றாகவே பேசப்படுகின்றன. அக்கவலை நியாயமானதே. எனினும் கவலைப்படுவது வேறு, வாசித்துப் பார்ப்பது வேறு. ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி அசைவூட்ட நிறுவனம் இந்நகரிலேயே கிளை அமைத்து ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் இயங்கியது. அதன் மூடல் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அங்கு உழைத்தோரின் கைபட்ட ஒரு தொடரை, இலக்கியப் பனுவலை அணுகும் அதே பொறுமையுடன் அணுகிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்கொள்ளப்படும் தொடர், லூக்காஸ்ஃபிலிம் அனிமேஷன் நிறுவனத்தின் ‘ஸ்டார் வார்ஸ்: தி குளோன் வார்ஸ்’. 2008 அக்டோபரில் கார்ட்டூன் நெட்வொர்க் ஒளிவழியில் தொடங்கி, இடையே நின்று, நெட்ஃபிளிக்சுக்கும் டிஸ்னி பிளசுக்கும் மாறி, 2020 மே மாதத்தில் முடிவுற்ற இத்தொடர் ஏழு பருவங்களும் 133 அங்கங்களும் கொண்டது. ஏறத்தாழ இதே பெயரில் 2003 முதல் 2005 வரை கெண்டி டார்டகோவ்ஸ்கி கையால் வரைந்த பாணியில் உருவாக்கிய குறுந்தொடர் வேறு. அது ஈண்டு ஆராயப்படவில்லை.

கதைக்களம் அறியாதார்க்குச் சில சொற்கள். அண்டவெளியில் பல உலகங்கள் இணைந்த ஒரு குடியரசு. அதிலிருந்து பிரிந்து செல்ல விரும்புவோர் ஏவும் இயந்திரப் படை. அதை எதிர்க்கக் குடியரசின் சார்பில் களமிறங்கும் ஜெடாய் என்னும் துறவி வீரர்கள். இத்துறவிகளின் தலைமையில் போரிடுவோர் பெற்றெடுக்கப்பட்ட மனிதர் அல்லர். கமினோ என்னும் கடல் சூழ்ந்த உலகில், ஜாங்கோ ஃபெட் என்ற ஒரே கூலிப்போர்வீரனின் உடற்கூற்றிலிருந்து, தொலைதூரத் தலைநகருக்காக வளர்த்து வழங்கப்பட்டவர்கள். அனைவருக்கும் ஒரே முகம், ஒரே குரல், ஆளுக்கோர் எண். இவர்களை இக்கட்டுரை ‘படிவீரர்’ எனச் சுட்டுகிறது.

படி என்ற சொல்லைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தல் தமிழ்ப் புலமை மரபின் அன்றாடத் தொழில். ஒரே மூலத்திலிருந்து எடுத்த படிகளாயினும் இரண்டு சுவடிகள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை என்பதைப் பதிப்பாசிரியர் ஒவ்வொருவரும் பட்டறிந்துள்ளனர். பாடவேறுபாட்டைக் கொண்டே ஒரு படியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிகிறோம். இத்தொடரின் சிறந்த அங்கங்கள் அனைத்தும் அந்தப் பாடவேறுபாட்டைப் பற்றியவை என்பது எம் கருத்து. ஜெடாய் வீரர்களின் வாட்போர்கள் கண்ணைக் கவர்வன. ஆனால் இதன் உயிர்நிலை எண்ணால் அழைக்கப்பட்ட அப்படைவீரர்களிடம் உள்ளது. அவர்களைக் கொண்டு ஒரு பெரிய வினாவை எழுப்பிய தொடர், பின்னர் அவ்வினாவிலிருந்து நழுவிவிட்டது என்பதும் கூறப்பட வேண்டும்.

(இந்திய ஆய்வுத்துறைகளில் ‘ஸ்டார் வார்ஸ்’ பற்றிப் பேச்செழுந்தால், பத்மே என்ற பெயரில் தாமரையையும் ஜெடாயின் தவத்தில் யோகத்தையும் தேடும் ஆர்வம் தலைதூக்குவது வழக்கம். அந்த வேட்டையில் இக்கட்டுரை இறங்கவில்லை. நம்முடையது அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அங்கே இருப்பதைப் பார்க்க நம்முடையது உதவுமா என்று பார்ப்பது பயன் தரும்.)

தீவும் தொழிற்கூடமும்

தொலைக்காட்சி அசைவூட்டம் தொடக்கம் முதலே சிக்கனத்தின் கலை. எம்.ஜி.எம். நிறுவனத்தில் ‘டாம் அண்டு ஜெர்ரி’ திரைக்குறும்படங்களை உருவாக்கிய வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1957இல் சொந்த நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்கு வந்தபோது, முன்னர்க் கிடைத்த பணமும் காலமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே உடல் நிற்க வாய் மட்டும் அசைந்தது. ஓடும் பாத்திரத்தின் பின்னே அதே வீடும் அதே மரமும் திரும்பத் திரும்பக் கடந்து சென்றன. சிக்கனத்தின் அடுத்த படியாகக் கடல் கடந்து கைகளைத் தேடினர். 1978இல் தைப்பேயில் ஜேம்ஸ் வாங் தொடங்கிய நிறுவனம் ஹன்னா-பார்பெராவுக்கு வரைந்து கொடுத்தே வளர்ந்தது. கதையும் உருவமைப்பும் கலிபோர்னியாவில், ஆயிரக்கணக்கான அசைவுச் சித்திரங்கள் ஆசியாவில் என்ற வேலைப்பிரிவினை இவ்வாறு நிலைபெற்றது.

லூக்காஸ்ஃபிலிம் சிங்கப்பூருக்கு வந்ததை இவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே காண வேண்டும். 2004இல் அறிவிக்கப்பட்டு, பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் 2005இல் இக்கிளை தொடங்கப்பட்டது. எழுத்தும் உருவமைப்பும் டேவ் ஃபிலோனியின் மேற்பார்வையில் கலிபோர்னியாவில் நிகழ, கணினி அசைவூட்டம் தைவானின் சி.ஜி.சி.ஜி. நிறுவனத்துக்கும் சிங்கப்பூர்க் கிளைக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. எந்தக் காட்சி தைப்பேயினது, எது சிங்கப்பூரினது என்பதைத் திரை காட்டிக்கொடுப்பதில்லை. காட்டிக்கொடுக்காமல் இருப்பதே இத்தொழிலில் திறமை எனக் கருதப்படுகிறது.

2014இல் இக்கிளை ஒன்-நார்த் வட்டாரத்தில் எழுப்பப்பட்ட ‘சாண்ட்கிராலர்’ என்னும் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. குதிரைலாட வடிவில் கண்ணாடி போர்த்து நிற்கும் அக்கட்டடத்தைப் புவன விஸ்தா பக்கம் செல்வோர் கண்டிருப்பர். மூலக்கதையில் சாண்ட்கிராலர் என்பது பாலைநிலத்தில் வழிதவறிய இயந்திர மனிதர்களைப் பொறுக்கிச் சேர்த்து, கேட்போர்க்கு விற்கும் வணிகரின் பெருவண்டி. ஒப்பந்த வேலைக்கான அலுவலகம் ஒன்றுக்கு இப்பெயரைச் சூட்டியவர்கள் தெரிந்தே நகைத்தார்களோ, அறியாமல் உண்மையைச் சொன்னார்களோ!

கடல் சூழ்ந்த ஓர் இடத்தில், தொலைதூரத் தலைநகரின் வேண்டுகோளுக்கேற்ப, குறித்த காலத்தில், குறித்த எண்ணிக்கையில் ஆக்கி அனுப்பும் தொழில் என்ற அளவில் கமினோவுக்கும் சிங்கப்பூர்க் கிளைக்கும் உள்ள ஒப்புமை வெளிப்படையானது. அதைப் பெரிதுபடுத்தலாகாது. இங்குப் பணிபுரிந்தோர் தேர்ச்சி மிக்க கலைஞர்கள். நிறுவனமே பயிற்சித் திட்டம் நடத்தி இளையரை உருவாக்கியது. எனினும் சிக்கனம் பொருளையும் பாதிக்கும் என்பது நோக்கத்தக்கது. கணினி அசைவூட்டத்தில் ஒவ்வொரு புதிய உருமாதிரியும் செலவு. ஒரே உடலையும் ஒரே முகத்தையும் நூறு முறை பயன்படுத்தும் கதை மலிவானது. படிவீரர் நிறைந்த கதை தொலைக்காட்சியின் பணப்பைக்குப் பொருந்திய கதை. ஹன்னா-பார்பெரா காலத்தில் திரும்பத் திரும்ப வந்த மரம் இங்கே மனிதனாகிவிட்டது. அவ்வாறு வந்த மனிதனைப் பார்த்து, ‘இவன் யார்?’ என்று படைப்பாளிகள் கேட்கத் துணிந்ததே இத்தொடரின் பெருமை.

உயிரும் அசைவும்

‘அனிமேஷன்’ என்பதற்குத் தமிழில் உயிரோவியம், அசைவூட்டம், இயங்குபடம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. முதற்சொல் உயிர் உண்டு என்கிறது. ஏனையவை அசைவு மட்டுமே உண்டு என்கின்றன. இவ்வேறுபாடு வெறும் கலைச்சொல் சிக்கல் அன்று. அசைவது எல்லாம் உயிருள்ளதா என்ற வினா நம் மரபில் பழையது. நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் (1020), உள்ளத்தில் நாணம் இல்லாதாரின் நடமாட்டத்தைக் கயிற்றினால் ஆட்டப்படும் மரப்பொம்மையோடு ஒப்பிடுகிறது. பார்ப்போர்க்கு உயிர்போலத் தோன்றும், உயிர் இல்லை. அக்குறளில் ‘நாண்’ என்ற சொல் வெட்கத்தையும் கயிற்றையும் குறித்து இருமுறை வருவது உரையாசிரியர் அறிந்த நயம். உள்ளே ஒரு நாண் இருந்தால் மனிதன். வெளியே ஒரு நாண் ஆட்டினால் பொம்மை. படிவீரர் கதையைப் படிக்க இதனினும் கூர்மையான கருவி எமக்குத் தென்படவில்லை.

பொம்மை என்ற ஒப்புமை நாம் புகுத்தியதன்று. 1965இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்னும் பொம்மலாட்டத் தொடரின் சாயல் தமக்கு வேண்டும் என்றே ஜார்ஜ் லூக்காசும் ஃபிலோனியும் விரும்பினர். முகங்கள் மரத்தில் செதுக்கித் தூரிகையால் வண்ணம் தீட்டியவை போல் இருப்பது அதனாலேயே. முதற்பருவத்தில் இம்முகங்களின் விறைப்பு உறுத்துகிறது. பின்னைய பருவங்களில் கண்ணிமையும் உதட்டோரமும் நெகிழ்ச்சி பெறுகின்றன. மரத்துக்குள் உயிர் சிறிது சிறிதாக நுழைவதை ஆண்டுவாரியாகக் காண்பது இத்தொடரைத் தொடக்கம் முதல் பார்ப்போர்க்குக் கிட்டும் தனி இன்பம்.

குரலைப் பற்றியும் கூற வேண்டும். படிவீரர் அனைவருக்கும் குரல் தந்தவர் டீ பிராட்லி பேக்கர் என்ற ஒரே நடிகர். நம் தோற்பாவைக்கூத்திலும் திரைக்குப் பின்னால் ஒரே கலைஞர் அமர்ந்து இராமன், சூர்ப்பணகை, அனுமன் எனப் பல பாத்திரங்களுக்குக் குரல் மாற்றிப் பேசுவார். அங்கே ஒருவர் பலராகக் கேட்க வேண்டும். பேக்கரின் பணி அதனினும் நுண்மையானது: ஒரே குரல் ஒரே குரலாகவே கேட்க வேண்டும், ஆனால் பேசுபவன் வேறு என்பதும் கேட்க வேண்டும். ரெக்சின் அடங்கிய உறுதி, ஃபைவ்சின் அவசரம், டாக்மாவின் இறுக்கம் ஆகிய மூன்றும் ஒரே தொண்டையின் மூன்று மனநிலைகள். உம்பாரா அங்கங்களில் நீண்ட நேரம் ஒரே மனிதர் தம்மோடு தாமே வாதிடுகிறார் என்பது கேட்போர்க்கு நினைவே வருவதில்லை.

பெயர் பெறுதல்

ஒளிபரப்பான முதல் அங்கத்திலேயே இக்கரு இடம்பெறுகிறது. பகைவரிடம் சிக்காமல் குகையொன்றில் ஒதுங்கும் முதிய குரு யோடா, உடன்வந்த மூன்று படிவீரரைத் தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்கிறார். ஒரே முகந்தானே, பார்க்க என்ன இருக்கிறது என்று அவர்கள் தயங்குகின்றனர். குருவோ ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு இயல்பைக் காண்கிறார். இக்காட்சி அழகியதே, ஆனால் இங்கே அடையாளம் மேலிருந்து வழங்கப்படுகிறது. பெரியவர் ஒருவர் பார்த்துச் சொன்னதால்தான் அவர்கள் தனித்தனி ஆகின்றனர்.

அதே ஆண்டில் வந்த ‘ரூக்கீஸ்’ இதைத் திருத்துகிறது. எல்லைப்புறக் காவல்நிலையம் ஒன்றில் அனுபவமற்ற இளவீரர் சிலர். அவர்கள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்ட பட்டப்பெயர்களே அவர்களுக்குப் பெயர். அவர்களது கவசம் கறையின்றிப் பளபளக்கிறது. கொன்ற விலங்கின் குருதி தோய்ந்த கையை ரெக்ஸ் என்னும் தலைவன் எக்கோ என்பவனின் மார்புக்கவசத்தில் பதிக்கிறான். அந்தக் கைத்தடத்தை எக்கோ பின்னர் வண்ணத்தால் நிலையாகத் தீட்டிக்கொள்கிறான். தொழிற்கூடத்துக்கு இது ஒரு சிறு வண்ண மாற்றம். கதைக்கோ ஒரு மனிதனின் தொடக்கம். முடியின் நிறம், நெற்றிப்பச்சை, கவசத்துக் கோடு என இத்தொடரில் வரும் ஒவ்வொரு பாடவேறுபாடும் வீரர் தாமே தம்மேல் எழுதிக்கொண்டது.

இவ்வரிசையில் உச்சம், 2010 செப்டம்பரில் ஒளிபரப்பான ‘குளோன் கேடட்ஸ்’. கமினோவில் பயிற்சி பெறும் ஓர் அணி தேர்வில் தோற்கிறது. அங்கே 99 என்றொருவன். வளர்ப்பில் பழுது நேர்ந்து கூன் விழுந்து, காலத்துக்கு முன்பே மூத்துப்போனவன். போருக்கு ஆகாதவன் எனத் துப்புரவுப் பணியில் வைக்கப்பட்டவன். இரவில் ஓடிப்போக முயலும் ஹெவி அவனிடம் தாங்கள் வெறும் எண்கள் என்று கசந்துகொள்கிறான். தனக்கு அவர்கள் எப்போதும் பெயருடையவர்களாகவே இருந்திருக்கின்றனர் என்று மறுமொழி கூறுகிறான் 99. சொல்பவனுக்குப் பெயர் இல்லை. தொடர் முழுவதிலும் இரட்டை இலக்க எண்ணாகவே அவன் வாழ்ந்து மடிகிறான். யோடாவின் குகைக் காட்சியில் மேலிருந்து வந்தது இங்கே தரைமட்டத்துக்குக் கீழிருந்து வருகிறது. குழந்தைகளுக்கான படம் என்று ஒதுக்கப்படும் ஒன்றில், தரை துடைப்பவன் வாயில் இக்கூற்றை வைத்த எழுத்துத்துணிவு பாராட்டத்தக்கது. அடுத்த அங்கத்தில் 99 வெடிகுண்டு எடுத்து வரச் செல்லும்போது சுடப்பட்டு இறக்கிறான். அச்சாவுக்கு இசையையும் காலத்தையும் சிறிது கூடுதலாகவே ஒதுக்கியுள்ளனர். குறை எனச் சொல்ல மனம் வரவில்லை.

உம்பாரா

2011 அக்டோபர், நவம்பர் மாதங்களில் வந்த நான்கு அங்கங்கள் உம்பாரா என்னும் இருண்ட உலகில் நிகழ்கின்றன. வழக்கமான தலைவர் அழைக்கப்பட்டுப் போக, கிரெல் என்ற நான்கு கைகளுடைய ஜெடாய் பொறுப்பேற்கிறான். அவன் வீரர்களைப் பெயரால் அழைக்க மறுத்து எண்ணால் அழைக்கிறான்; பயனற்ற நேர்முகத் தாக்குதல்களில் அவர்களைச் செலவழிக்கிறான். ஆணையை மீறி வெற்றி தேடித் தந்த ஃபைவ்சையும் ஜெசியையும் சுட்டுக்கொல்ல உத்தரவிடுகிறான். சுடுவோர் வரிசையில் நிற்பவரும் படிவீரரே; எதிரே நிற்பவர் முகமும் தம் முகமே. துப்பாக்கிகள் முழங்குகின்றன, ஒரு குண்டும் படவில்லை. பிறகு அனைவரும் ஆயுதத்தைக் கீழே வைக்கின்றனர்.

குறள் கூறிய அக நாண் இங்கே திரையில் தெரிகிறது. ஆணை என்னும் கயிறு இழுக்கப்படுகிறது, கை அசைகிறது, ஆனால் எங்கோ ஓரிடத்தில் உள்ளிருக்கும் நாண் கையைச் சற்றே திருப்பிவிடுகிறது. அசைவூட்டக் கலைஞன் அக்காட்சியில் காட்ட வேண்டியது அந்தச் சிறு திருப்பத்தைத்தான். அடுத்த அங்கத்தில் இதன் மறுபக்கம். பகைவர் நம் கவசத்தை அணிந்து வருகின்றனர் என்று கிரெல் ஏமாற்ற, இரு அணிகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கின்றன. விழுந்தவனின் தலைக்கவசத்தை ரெக்ஸ் கழற்றும்போது உள்ளே தன் முகம். அக்கணத்தில் எழும் வெட்கமும் துயருமே இவர்கள் பொம்மைகள் அல்லர் என்பதற்குச் சான்று. கிரெல்லைப் பிடித்தபின் அவனைச் சுட ரெக்சால் இயலவில்லை. சுடுபவன், அதுவரை ஆணைக்கு அணுவளவும் பிறழாத டாக்மா. விதியையே உயிராகக் கொண்டவன் விதியை மீறி, அதற்காகக் கைதாகிச் செல்வதை எவ்விதத் தீர்ப்பும் கூறாமல் விட்டிருப்பது முதிர்ந்த எழுத்து.

கயிறு திரும்புதல்

இத்தொடருக்கு ஒரு முன்விதி இருந்தது. 2005இல் வந்த மூன்றாம் முன்கதைத் திரைப்படத்தில், ஒரே ஆணையில் படிவீரர் தம் ஜெடாய் தலைவர்களைச் சுட்டு வீழ்த்துகின்றனர். அத்திரைப்படத்தில் அவர்கள் முகமற்றவர்கள். ஆகவே ஏன் சுட்டனர் என்று கேட்பாரில்லை. தொலைக்காட்சித் தொடர் அவர்களுக்கு முகமும் பெயரும் நாணமும் அளித்துவிட்டது. அவ்வாறு அளித்தபின், உம்பாராவில் துப்பாக்கியைத் தாழ்த்தியவர்கள் அந்த ஆணைக்கு எவ்வாறு இணங்கினர்? தன் வெற்றியாலேயே தொடர் தனக்கு ஏற்படுத்திக்கொண்ட சிக்கல் இது.

2014இல் வெளியான ஆறாம் பருவம் தந்த விடை, மூளைக்குள் ஒரு சில்லு. பிறக்கும் முன்பே ஒவ்வொரு வீரன் தலையிலும் வைக்கப்பட்ட அது, உரிய சொல் கேட்டதும் அவனைப் பொம்மையாக்கிவிடும். அதைக் கண்டறியும் ஃபைவ்ஸ் பித்தன் எனப் பழிக்கப்பட்டுத் தன் இனத்தவன் ஒருவனாலேயே சுடப்படுகிறான். துப்பறியும் கதையாக இந்நான்கு அங்கங்கள் விறுவிறுப்பானவை. ஆயினும் அறவினா இங்கே பொறியியல் பழுதாகக் குறுகிவிடுகிறது. நாணத்தைப் பற்றிப் பேசிவந்த கதை மீண்டும் கயிற்றைப் பற்றிய கதையாகிறது. வீரர் குற்றமற்றவர் ஆயினர், நன்று. ஆனால் அவர்களோடு குடியரசும் குற்றமற்றதாகிவிட்டது. விலைக்கு வளர்க்கப்பட்ட மனிதரைக் கொண்டு போர் நடத்த அறவோராகிய ஜெடாய் எவ்வாறு ஒப்பினர் என்ற கேள்வி, யாரும் விடையளிக்காமலே கலைகிறது. சில்லு இல்லாமலே இவர்கள் எண்களாக நடத்தப்பட்டனர் என்பதைக் கிரெல் காட்டினான். அவனைத் தனிப்பட்ட தீயவன் ஆக்கியதிலேயே நழுவல் தொடங்கிவிட்டது எனலாம்.

இக்கடனில் ஒரு பகுதியை 2020இல் வெளிவந்த இறுதி அங்கம் அடைக்கிறது. சில்லு அகற்றப்பட்ட ரெக்ஸ், தன்னைக் கொல்ல வரும் தன் வீரர்களைத் திருப்பிச் சுட வேண்டிய நிலையில் நிற்கிறான். அசோகா என்னும் இளம்பெண் அவன் தலைக்கவசத்தைக் கழற்றுகிறாள், உள்ளே கண்ணீர். கயிற்றில் ஆடுவோரையும் மனிதராகவே கருதுவேன் என்ற முடிவுக்கு அவள் வருகிறாள். நாண் இழந்தவரைப் பொம்மை எனத் தள்ளும் குறளின் கண்டிப்புக்கு எதிரில், நாண் பறிக்கப்பட்டவர் என்றொரு வகையை இக்காட்சி முன்வைக்கிறது.

தேக்காவிலிருந்து பார்க்கையில்

லிட்டில் இந்தியாவில் ஞாயிறு மாலையில் நடந்து பழகிய வாசகர்க்கு இத்தொடர் வேறொன்றையும் நினைவூட்டாமல் இராது. வாரம் முழுவதும் தலைக்கவசமும் ஒரே நிறச் சீருடையும் அணிந்து, வேலை அனுமதிச்சீட்டு எண்ணால் பதிவேடுகளில் இடம்பெறும் வெளிநாட்டு ஊழியர்கள் அன்று சிராங்கூன் சாலையிலும் ரேஸ்கோர்ஸ் சாலையிலும் மச்சான் என்றும் அண்ணே என்றும் ஊர்ப்பெயராலும் அழைக்கப்படுகின்றனர். ஒப்புமையை இவ்வளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஊழியர் படிவீரர் அல்லர். அவருக்குத் தாய் உண்டு, கடன் உண்டு, திரும்பிச் செல்ல நாள் உண்டு. அவற்றை மறந்து அவரை ஒரு கருத்தின் உருவமாக ஆக்குவது கிரெல் செய்ததன் மென்மையான வடிவமேயாகும்.

ஆனால் வேறுபாடே சிந்தனைக்கு உதவக்கூடும். 2010 ஜனவரியில் வந்த ‘தி டெசர்ட்டர்’ அங்கத்தில், காயமுற்ற ரெக்ஸ் ஒரு வேளாண்குடும்பத்தில் தங்க நேர்கிறது. வீட்டுத்தலைவன் படையிலிருந்து ஓடிப்போன மற்றொரு படிவீரன். மனைவி, இரு குழந்தைகள், விளைநிலம் என வாழ்பவன். இருவரும் உணவு மேசையில் கடமையைப் பற்றி வாதிடுகின்றனர். யார் சொல்வது சரி என்று அங்கம் கூறவில்லை. அங்கே படையை விட்டவன் நிலத்துக்கு வருகிறான். இங்கே நிலத்தையும் குழந்தைகளையும் விட்டவர் கட்டுமானத் தளத்துக்கு வருகிறார். உயர்நிலை வகுப்பில் வெளிநாட்டு ஊழியர் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், இரக்கமும் நன்றியும் கலந்த வாய்பாட்டு வாக்கியங்களே மிகுதியும் வரும். இவ்வங்கத்தை முதலில் காட்டி, ரெக்ஸ் ஏன் திரும்பிச் சென்றான் எனத் தமிழில் வாதிடச் சொன்னால் வேறு வாக்கியங்கள் பிறக்க வாய்ப்புண்டு. வாதம் ஆங்கிலப் படத்தைப் பற்றியதாக இருப்பதால் தமிழுக்கு இழுக்கில்லை. வாதிடும் மொழி எது என்பதே ஆசிரியர்க்கு வேண்டியது.

இறுதிப் பருவம் வெளிவந்த 2020 பிப்ரவரி முதல் மே வரையிலான காலம் இந்நகருக்கு மறக்கவொண்ணாதது. ஏப்ரல் 7 முதல் நகரமே வீட்டுக்குள் இருந்தது. தங்கும் விடுதிகளில் ஊழியர்கள் மாதக்கணக்கில் அறைக்குள் முடங்கினர். நாள்தோறும் அறிவிக்கப்பட்ட நோய்த்தொற்று எண்ணிக்கையில் சமூகத்தில் தொற்றியோர் எனவும் விடுதிவாசிகள் எனவும் இரு நிரல்கள் இருந்தன. வீரர் புதைக்கப்பட்ட பனிநிலத்தில் கோல்மேல் கவசங்கள் நிற்கும் காட்சி அம்மே மாதத்தில் வெளியானது. எனினும் டிஸ்னி பிளஸ் சேவை சிங்கப்பூருக்கு வந்தது 2021 பிப்ரவரியில்தான். கிளை இருந்த நகரம் காத்திருந்தே அதைக் கண்டது.

அக்காட்சியைத் தமிழ் மாணவர் நடுகல்லோடு ஒப்பிடத் தவறார். ஒப்பிடுகையில் குறையும் புலப்படும். நடுகல்லில் வீரனின் பெயரும் பெருமையும் பொறிப்பது சங்கச் செய்யுள் காட்டும் வழக்கம். இக்கவசங்களில் வண்ணக் கோடுகள் உண்டு, பெயர் இல்லை. புதைத்த இருவரும் போனபின் அவற்றைப் படித்தறிய ஒருவரும் இரார்.

தொடர் தொடங்கிய அதே 2008 அக்டோபரில்தான் வசந்தம் தனி ஒளிவழியாயிற்று. நகரின் ஒரு பக்கத்தில் உலகத்தரமான அசைவூட்டத் திறன். மறுபக்கத்தில் முழுநேரத் தமிழ் ஒளிவழி. இரண்டும் சந்திக்கும் திட்டம் எவர் மனத்திலும் எழவில்லை போலும். ஒப்பந்தத்தின்பேரில் இயங்கிய நிறுவனத்தை அதற்காகக் குறைகூறுவதில் பொருளில்லை. தமிழ்க் கதையோடு அதன் கதவைத் தட்டியவர் உண்டா என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

மூடல் அறிவிக்கப்பட்டபோது முந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அங்கிருந்தனர். தொழில்துறையின் பொருளியல் சூழலே காரணம் என டிஸ்னி தெரிவித்தது. அவர்களுள் பலர் இன்றும் இத்தீவிலும் அண்டை நாடுகளிலும் வேறு வேலைகளில் இருப்பர். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் துறைமுகத் தொழிலாளர், கடைக்காரர், கலைஞர் எனப் பலர் குரலைப் பதிந்து வந்துள்ளது. அம்முறையில், எந்தக் கை எந்த முகத்தை அசைத்தது, துப்பாக்கியைச் சற்றே திருப்பும் அந்த மணிக்கட்டு யார் கணினியில் உருவானது என்பனவற்றை அவர்கள் நினைவு மங்குமுன் கேட்டுப் பதிவது ஊடக ஆய்வில் ஈடுபட்டுள்ள இளம் ஆய்வாளர் ஒருவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அங்கங்களின் இறுதியில் வேகமாக ஓடி மறையும் பெயர்ப்பட்டியலிலிருந்து அதைத் தொடங்கலாம்.